மேல்குழாயில் ஒரு கோடு

பூவிழி இரண்டு விரல்களால் போட்டோவை விரித்தாள். கோடு பெரிதானது. தலைமுடியாக இருக்கும் என்று துப்பட்டாவால் போன் திரையைத் துடைத்தாள். போகவில்லை.

சித்தேரி மலை மேலிருந்து தம்பி கதிரவன் அனுப்பிய போட்டோ. அவளே வரைந்து, குழாய் அறுத்து, வெல்டிங் வைத்த மவுண்டன் பைக் சைக்கிள், மயில்கழுத்து நீலத்தில் வெயில் பட்டு மின்னியது. 'முதசிர் அண்ணன்கிட்ட காட்டு. செமயா இருக்கு. இப்ப எறங்கறேன்' என்று கீழே எழுதியிருந்தான். ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாயோடு மேல்குழாய் சேர்கிற இடத்தில், வெல்டிங் ஓரத்தை ஒட்டியே அந்தக் கோடு ஓடியது.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். அதே குரல்.

அரூரில் அவர்களது சைக்கிள் ஷெட்டின் மறுமூலையில் அடுத்த ஃபிரேமுக்கு பிரைமர் அடித்துக்கொண்டிருந்த முதசிர், மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வந்து பார்த்தான். தன் கை பட்ட பெயிண்ட் உரிந்ததாக மாவட்டத்தில் ஒருவன் சொல்லட்டும், அன்றோடு ஸ்ப்ரே கன்னைத் தூக்கி எறிகிறேன் என்று டீக்கடையில் சவால் விடுகிற ஆள் அவன்.

"பெயிண்ட்டுதான் வெடிச்சிருக்குக்கா. மேல்பூச்சு கிளியர் கோட்டு தடிமனா அடிச்சிட்டேன். என் தப்புதான்" என்றான்.

அவன் வாயால் அதைக் கேட்டதும்தான், விரிசல் பெயிண்ட்டில் இல்லை, குழாயில் என்பது அவளுக்கு உறுதியானது.

"பெயிண்ட் வெடிச்சா வலை மாதிரி வெடிக்கும். இது ஒத்தக் கோடு."

"பெயிண்ட்டுதாங்கக்கா. பெயிண்ட்டுன்னே இருக்கட்டும்."

சொல்லிக்கொண்டே தன் மோட்டார் பைக் சாவியை எடுத்துவிட்டான்.

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முதசிர் மலைப்பாதையில் பைக்கை விரட்டினான். எங்கே இடறினாள் என்பது பூவிழிக்குத் தெரிந்திருந்தது. குதித்து இறங்கும்போது கீழ்க்குழாய்தான் அடி வாங்கும் என்று கீழ்மூட்டுக்கு மட்டும் முக்கோணத் தகடு வைத்தாள். மேல்மூட்டுக்கும் ஒன்று வரைந்து, எடை கூடுமே என்று அழித்தாள். அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் கதிரவன் முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் போர்க்கைக் கழற்றி, இன்னும் நீளமான ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, வண்டி ராஜா மாதிரி இருக்கிறது என்றுதான் நினைத்தாளே தவிர, கடப்பாரை நீண்டால் நெம்புகிற பலமும் கூடும் என்று நினைக்கவில்லை. முன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் போர்க் பின்னால் வளையும். வளைந்து, மேல்குழாயைப் பிடுங்கும். சித்தேரி இறக்கத்தில் எத்தனை வளைவு. எத்தனை முறை பிடுங்கியிருக்கும்.

ஒரு வளைவில் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாள். கீழே மூங்கில் புதர்தான். உடைப்பும் பழையது, புல் முளைத்திருந்தது. மூச்சு விட்டாள். அடுத்த வளைவில் சாலையோரம் நீலமாக ஏதோ கிடக்க, முதசிரின் தோளை நகம் பதியப் பிடித்தாள்.

"தார்ப்பாய்க்கா" என்றான் அவன். "தோள உடுங்க, வண்டி ஆடுது."

மேலே எங்கோ சக்கரம் சுழலும் கடகடச் சத்தம் கேட்டது. முதசிர் பைக்கை ஓரம் நிறுத்தினான்.

"வந்துட்டான். ஓடிப்போயி நில்லுடான்னு கத்தறேன்."

"கத்தாத." அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கத்துனா பயந்து முன் பிரேக்க அழுத்துவான். அழுத்துனா அங்கயே போச்சு. நீ கீழ போயி, பஸ்ஸு கிஸ்ஸு வந்தா நிறுத்து."

"நீங்க என்னா பண்ணப் போறீங்க?"

"சும்மா நிக்கப் போறேன்."

அவன் கீழே ஓடினான். பூவிழி நடுரோட்டுக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, சிரித்தாள். கடகடச் சத்தம் நெருங்கி வந்தது. சிரிப்பை விடவில்லை.

கதிரவன் வளைவில் சாய்ந்து வந்தான். அக்காவைப் பார்த்ததும் ஹெல்மெட்டுக்குள் பல் தெரிந்தது. வலதுகையின் இரண்டு விரல்கள் முன் பிரேக் மேல் இருந்தன. அவள் அந்த விரல்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"இங்க எங்கக்கா?"

"சும்மாதான்டா. மெதுவா வா. சோத்தாங்கைய எடுத்துடு, பின் பிரேக்க மட்டும் புடி. பின் டயர் தேயறத பாக்கணும்."

ஒரு விரல் விலகியது. பிறகு இன்னொன்று. பின் டயர் தாரில் தேய்ந்து கத்தியது. வண்டி வந்தது, வந்தது, அவளுக்கு ஓரடி முன்னால் நின்றது. கதிரவன் கால் ஊன்றினான். பூவிழி ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கு."

"இரு, இத பாரு. புது போர்க்கு என்னா சாஃப்டுன்னு." கடையில் வண்டி பார்க்கிற எல்லாப் பையன்களையும் போல, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, உடம்பை முன்னால் தள்ளி ஒரு அழுத்து அழுத்தினான்.

போர்க் அமுங்கியது. அவள் கண்ணெதிரே நீலத்தில் அந்தக் கோடு வாய் திறந்தது. உள்ளே குழாயின் இருட்டு தெரிந்தது. போர்க் எழுந்தபோது மூடிக்கொண்டது.

"எப்பிடி?" என்றான் கதிரவன், அவள் முகத்தையே பார்த்தபடி, இன்னொரு முறை அழுத்துவதற்குத் தோளை உயர்த்தி. அவனுக்காகப் போட்ட அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் இருந்தது.