மணிக்கூண்டு படம் போட்ட கப்

ஷோகேஸ் அக்கா வீட்டில். அதிலிருக்கும் கப்பெல்லாம் தங்கையுடையவை. வயிற்றெரிச்சலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தங்கை விமானப் பணிப்பெண். கூட வேலை பார்க்கும் பெண்களோடு ஒரே அறையில் இடித்துக்கொண்டு தங்கியிருப்பவள். துணி மாட்டவே அங்கே இடம் கிடையாது. அதனால் போகிற ஊரிலெல்லாம் வாங்குகிற காபி கப்பை நேரே இங்கே கொண்டுவந்து அடுக்கிவிடுவாள். கோபுரம் போட்டது, பாலம் போட்டது, சிலை போட்டது, ராட்சத ராட்டினம் போட்டது. ஒன்றில்கூட யாரும் காபி குடிக்கக் கூடாது. தூசி மட்டும் அக்கா துடைக்க வேண்டும்.

அக்காவுக்கு வேலையும் கப்புதான், கொடுமையைப் பாருங்கள். கடைத்தெருவில் ஒரு போட்டோக் கடை. படம் அச்சடித்த தாளை வெள்ளைக் கப்பில் சுற்றி, சூட்டு மெஷினில் இறுக்கி வைத்தால் படம் கப்பில் இறங்கிவிடும். யார் யாருடைய கல்யாணமோ, பிறந்தநாளோ, நாள் முழுக்க அவள் கையில் சூடாக வந்து விழும். அவள் மட்டும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகளைத்தான் தாங்க முடியவில்லை. சித்தி வந்துவிட்டால் அம்மா என்று ஒருத்தி இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். ஒவ்வொரு கப்பாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்க சித்தி? அங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சித்தியும் அளப்பாள். கணவர் வேறு, "உன் தங்கச்சி உலகத்தையே சுத்தறா, பாரேன்" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார். "ஆமா, நான் அடுப்பைச் சுத்தறேன்" என்பாள் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

போன மாதம் அதிசயமாக ஒன்று நடந்தது. புது மெஷின் பழகிவர முதலாளி அவளை ரயிலேற்றித் தூரத்து நகரம் ஒன்றுக்கு அனுப்பினார். கடைசி நாள் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் நழுவி, வழி கேட்டுக் கேட்டு நடந்து, அந்த ஊரின் பெரிய மணிக்கூண்டைப் பார்த்தே விட்டாள். அதற்கு இடது பக்கம் ஆறு. மழை பிடித்துக்கொண்டது, செருப்பு அறுந்தது. தொப்பலாக நனைந்தபடி போனில் ஒரு படம் எடுத்தாள். கப் வாங்கப் போனால் கடை பூட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஆசை ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். "கப் வாங்கலையா? சித்தின்னா வாங்கியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அது வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டது.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் முதலாளி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, போனிலிருந்த படத்தைத் தானே அச்சடித்து, தானே கப்பில் இறக்கினாள். கொண்டுவந்து ஷோகேஸில் நட்ட நடுவில் வைத்தாள்.

அடுத்த வாரம் தங்கை வந்தாள். கண் நேரே அதில்தான் விழுந்தது.

"அட, இந்த மணிக்கூண்டா! அங்க நான் எத்தனையோ தடவை போயிருக்கேனே."

"சொல்லுங்க சித்தி!" என்று மகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள்.

தங்கை கப்பைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். "சாயங்காலமானா அங்கேயே உக்காந்துடுவேன். மணிக்கூண்டுக்கு வலது பக்கம் அப்படியே ஆறு ஓடும், பாரு..."

வலது பக்கமா? அக்கா எட்டிப் பார்த்தாள். ஐயையோ! கப்பில் ஆறு வலது பக்கம்தான் இருந்தது. தாளில் படத்தை இடம் வலம் மாற்றி அச்சடித்தால்தான் கப்பில் நேராக விழும். கம்ப்யூட்டரில் அப்படித் திருப்பிப் போடுவது எப்போதும் முதலாளி வேலை. திருட்டுத்தனமாகச் செய்த அவசரத்தில் அவள் அதை மறந்தே போயிருந்தாள். எழுத்து ஏதாவது இருந்திருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

அப்புறம்தான் அவளுக்குச் சுரீரென்றது. இவள் அந்த மணிக்கூண்டைப் பார்த்ததே இல்லை! கப்பைப் பார்த்துக் கதை விடுகிறாள்!

போட்டு உடைத்துவிட நாக்கு துடித்தது. அதற்குள் மகள் திரும்பி, "நீயும் பாத்தியாம்மா? சித்தி சொன்ன மாதிரியே இருந்துச்சா?" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"ஆமாடி. சித்தி சொன்ன மாதிரிதான்."

சமையலறையில் தங்கையைத் தனியாக மடக்கினாள். "ஆறு இடது பக்கம்டி. என் கப்புல படம் மாறி விழுந்திருக்கு."

தங்கைக்கு முகம் செத்துப்போயிற்று. "எங்கக்கா வெளியில போறது? இறங்கினா ஓட்டல்ல தூக்கம், எழுந்தா மறுபடி வேலை. எல்லாக் கப்பும் ஏர்போர்ட் கடையில வாங்கினது. அவகிட்ட சொல்லிடாதக்கா." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ நிஜமாவே பாத்தியா? எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றதோடு நிறுத்திக்கொண்டாள் அக்கா. தங்கையிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது. அதைப் பங்கு போட அவளுக்கென்ன பைத்தியமா? அதற்கப்புறம் தினமும் பாட்டுப் பாடிக்கொண்டே தூசி துடைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தங்கை அழைத்தாள். மகள்தான் எடுத்து, அம்மாவுக்கும் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

"அக்கா! மணிக்கூண்டுகிட்டதான் நிக்கறேன். தூங்காம வந்துட்டேன். நீ சொன்ன மாதிரியே ஆறு இடது பக்கம்தான்க்கா!"

அக்காவுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. இருந்தது ஒன்று, அதையும் பிடுங்கிக்கொண்டாளே. அன்றைக்குச் சமையலறையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

மகள் போனையும் ஷோகேஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன் கப்புல வலது பக்கம்ல இருக்கு? நீ அங்க போகவே இல்லையாம்மா? பொய் சொன்னியா?"

உண்மையைச் சொன்னால் தங்கை மாட்டுவாள். சொல்லாவிட்டால், செருப்பறுந்து நனைந்ததெல்லாம் புளுகாகிவிடும்.

"உங்கம்மா போனாடி!" என்று தங்கை போனில் கத்தினாள். "நான்தான் பொய் சொன்னேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன். மத்த ஊர்ல எல்லாம் ஏர்போர்ட்டையும் ஓட்டலையும் தாண்டினதே இல்ல."

பாவி, உண்மையைச் சொல்வதிலும் முந்திக்கொண்டாளே என்று அக்காவுக்கு எரிந்தது. கண்ணும் சேர்ந்து எரிந்தது.

மகள் போனை ஷோகேஸில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தத் தப்புக் கப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொல்லும்மா. அங்க என்ன பண்ணினே?"

"முதல்ல செருப்பு அறுந்துபோச்சு" என்று ஆரம்பித்தாள் அக்கா.

"சத்தமா சொல்லுக்கா, எனக்கும் கேக்கணும்" என்றாள் தங்கை.

"நீதான் நேர்லயே பாக்கறியே, வைடி போனை!" என்றாள் அக்கா.