ஓட்டை விழுந்த கூப்பன்கள்

மிஷன் பள்ளிக்கூடத்தில் கட்டண ரசீது எழுதியே தலை நரைத்தவர் கிறிஸ்துராஜ். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை மொத்தமாகக் கொட்டி ஒத்தக்கடையில் மளிகைக் கடை வைத்தார். கடை கொஞ்சம் சூடு பிடித்த நேரம் பார்த்து எதிரே ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்து உட்கார்ந்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டிப் போனார்கள்.

அப்போது அவரைத் தூக்கி நிறுத்தியது கூப்பன்தான். ஓர் எண்ணெய் கம்பெனி செய்தித்தாளுக்குள் வைத்து வீடு வீடாகக் கூப்பன் போட்டது. அதைக் கொடுத்தால் பாக்கெட்டுக்கு முப்பது ரூபாய் தள்ளுபடி. சூப்பர் மார்க்கெட்டுக்காரன் தன் சொந்தக் கூப்பனைத் தவிர எதையும் தொட மாட்டான். எண்ணெய்க்காகக் கிறிஸ்துராஜிடம் வந்த பெண்கள் பருப்பையும் புளியையும் அங்கேயே வாங்கினார்கள். தள்ளுபடிக் காசு முதலில் கடைக்காரன் கையைத்தான் கடிக்கும். சேர்ந்த கூப்பன்களைக் கொடுத்தால் கம்பெனி திருப்பித் தந்துவிடும். அந்தத் தைரியத்தில் கம்பெனியின் ஏஜென்சியில் கடன் சொல்லி எண்ணெய் வாங்கி அடுக்கினார்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஏஜென்சி ஆள் சிவக்குமார் வந்தான். ரப்பர் பேண்ட் போட்ட கூப்பன் கட்டுகளைக் கிறிஸ்துராஜ் பெருமையோடு எடுத்து வைத்தார்.

"என்ன சார் இது, எல்லாத்துலயும் ஓட்டையா இருக்கு?"

"நான்தான் தம்பி போட்டேன். வாங்குன உடனே பஞ்ச் பண்ணிருவேன். இல்லேன்னா ஒரே சீட்டை ரெண்டு தடவ நீட்டிருவாக. பள்ளிக்கூடத்துல அம்புட்டு ரசீதுக்கும் அப்படித்தான் செய்வேன்."

"போச்சு சார். இந்த க்யூஆர் கட்டத்தைப் போன்ல காட்டுனாத்தான் கம்பெனி பணம் தரும். நீங்க சரியா அதுலயே குத்தி வச்சிருக்கீகளே!"

குட்டிக் கட்டம் அது. பாதியை ஓட்டை விழுங்கியிருந்தது. சிவக்குமார் ஒவ்வொன்றாகப் போனில் காட்டிப் பார்த்தான். ஒன்றுகூடத் தேறவில்லை. ஆபீசுக்குப் பேசிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டான். ஸ்கேன் ஆகாத கூப்பன் செல்லாது. பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்கும் வராது.

அவரை யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் கொடுமை. ஏமாந்திருந்தால் நாலு பேரைத் திட்டியாவது மனசு ஆறியிருக்கும். நாணயமாக இருக்கிறோம் என்று நினைத்துத் தன் கையாலேயே தன் பிழைப்பில் குத்தியிருக்கிறார். யாரிடம் போய் அழுவது?

உள்ளேயிருந்து அவர் மனைவி அற்புதமேரி பஞ்சிங் மெஷினைக் கொண்டுவந்து அதன் அடிமூடியைத் தட்டில் கவிழ்த்தாள். பொட்டுப் பொட்டாகக் காகிதத் துண்டுகள் விழுந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டைகளில் பொருத்திப் பார்த்தாள்.

"ஏங்க, இது சேருதா பாருங்க."

சேரவில்லை. எல்லாத் துண்டுகளும் ஒரே சாயலில் இருந்தன. மூச்சு விட்டாலே பறந்தன. கடைசியில் ஒன்றைக் கோந்து போட்டு ஒட்டி, "மாதாவே" என்று முனகிக்கொண்டே சிவக்குமாரிடம் நீட்டினாள். அவன் போனை வெகுநேரம் அதன்மேல் பிடித்தான்.

"விடுங்கம்மா," என்றான். "ஆகாது."

ஜனவரியிலும் செய்தித்தாளுக்குள் கூப்பன் வந்தது. பக்கத்துத் தெரு முத்துமீனா பையோடு வந்து ஒன்றை நீட்டினாள். எப்போது வந்தாலும் நின்று பேசிவிட்டுப் போகிறவள்.

"இனிமே கூப்பன் எடுக்கறதில்லம்மா," என்றார் கிறிஸ்துராஜ். "எண்ணெயும் வாரதில்ல."

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்: "அப்பறம் உங்க கடைக்கு எதுக்கு சார் வரணும்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. "வாரேன் சார்" என்று சொல்லி ரோட்டைத் தாண்டினாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை என்பதுதான் கிறிஸ்துராஜுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டு அற்புதமேரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பருப்பு நிறுக்கத் தராசுப் பக்கம் போனவள், கடை வெறிச்சென்று இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"முத்துமீனா குரல் மாதிரி இருந்துச்சே. என்ன கேட்டா?"

"நம்ம கடை எதுக்குன்னு கேட்டா."