நொதிகளுக்கு ஈரத்துணி

கோத்தகிரியில் சேவியரின் வயிற்றில் வேலை பார்த்த நொதிகள் அவர் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தன. அவர் மனைவி அமலோற்பவம் சாப்பாடு போட்டதும் வேலைக்கு இறங்கிவிடும். சோற்றைப் பிடித்து உடைப்பதற்கென்றே ஒவ்வொன்றின் உள்ளங்கையிலும் ஒரு குழிவு இருந்தது.

மார்கழியில் வேலை மந்தமாகும். ஞாயிற்றுக்கிழமை தின்ற ஆட்டுக்கறியைப் புதன்கிழமையும் அறுத்துக்கொண்டிருக்கும். அமலோற்பவம் குறை சொன்னதில்லை. குளிரில் கைகால் விறைக்குமே தவிர அவற்றுக்கு வேறு கெடுதல் கிடையாது. வெயில் பட்டால் பழையபடி ஓடியாடும்.

அந்த மார்கழியில் சேவியருக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு சூடேற ஏற நொதிகள் சுறுசுறுப்பாயின. கஞ்சி குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவருக்கு மறுபடி பசித்தது. புளியேப்பமும் உப்புசமுமாகக் கிடந்த மனிதர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னதில் அமலோற்பவத்துக்கு உள்ளூர சந்தோஷம்.

மறுநாள் மதியம் நொதிகளின் மேஸ்திரி தங்கபாய் அடுப்படிக்கு வந்து கையை விரித்துக் காட்டினாள். குழிவின் ஓரம் தளர்ந்திருந்தது.

“சோறு கையில நிக்க மாட்டேங்குதுக்கா. இன்னும் சூடு ஏறினா உருவமே கலைஞ்சிடும். அப்புறம் ஐஸ்ல உக்கார வெச்சாலும் திரும்பாது.”

அமலோற்பவம் அடுப்பை அணைத்தாள். டாக்டருக்கு ஆளனுப்பிவிட்டு, பழைய நூல் புடவையைக் கிழித்து நனைத்தாள். கணவரின் நெற்றியில் ஒன்று, வயிற்றில் ஒன்று. மிச்சத்தை நொதிகளின் உள்ளங்கைகளில் வைத்துக் கட்டினாள். துணி காயக் காய மறுபடி நனைத்தாள். டாக்டர் வந்து சேவியருக்கு ஊசி போட்டார். தங்கபாயின் கையைத் தடவிப் பார்த்து, துணியை எடுக்க வேண்டாம் என்றார்.

பொழுது சாயும்போது சேவியருக்கு வேர்த்துக் கொட்டியது. சூடு இறங்கியது. தங்கபாய் ஒரு பருக்கையைக் கையில் வைத்துப் பார்த்தாள். நின்றது. மற்றவர்களுக்கும் நின்றது. சூசை என்ற ஒருவனுக்கு மட்டும் கை தட்டையாகவே போய்விட்டது. அவன் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

சேவியர் எல்லோரையும் கட்டிலருகே கூப்பிடச் சொன்னார். சூசையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இனி வேலை செய்ய வேண்டாம், இந்த வீட்டுப் பிள்ளையாக இருந்துகொள் என்றார். பிறகு கைகூப்பினார்.

“இத்தனை காலம் நான்தான் சாப்பிடறேன்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க இல்லேன்னா நான் வெறும் பாத்திரம். ரொம்ப நன்றிங்க.”

தங்கபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமலோற்பவம் ரசஞ்சாதம் குழைத்துக் கொண்டுவந்தாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார், அவர்கள் நிதானமாக வேலை பார்த்தார்கள்.

மறுநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். அமலோற்பவம் திறந்தாள். சேவியரின் முழங்கால்கள் இரண்டும் குடையோடு நின்றன. இங்கே நன்றி சொல்வதாகக் கேள்விப்பட்டு வந்ததாக வலது முழங்கால் சொன்னது.

அவள் இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, அதற்குள் காப்பி சாப்பிடலாம் என்றாள். இடது முழங்கால் தனக்குச் சீனி வேண்டாம் என்றது.