யசோதா வீட்டு இரண்டு ஆன்டிவைரஸ்

யசோதா வீட்டுக் கம்ப்யூட்டர் நெட் இல்லாத வரைக்கும் சமர்த்துப் பிள்ளை. பாட்டு பாடும், படம் ஓட்டும், கணக்குப் பாடத்துக்கு அவள் வரைந்து வைத்த வட்டங்களையும் சதுரங்களையும் அழகாகக் காட்டும். நெட் வயரைச் செருகிக் கொஞ்ச நேரம் ஆனால் போதும், மவுஸ் அம்பு திரை நடுவில் அப்படியே நின்றுவிடும். தட்டினாலும் அசையாது, திட்டினாலும் அசையாது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத் தொலைக்க வேண்டியதுதான்.

பொழுதுபோக்குக்கு வைத்திருக்கும் பெட்டி என்றால் போகிறது என்று விட்டிருப்பாள். எம்.எஸ்சி. கணக்கு முடித்து, கொஞ்ச நாள் பாடம் எடுத்துவிட்டு, கல்யாணமாகி ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம் வந்தவள், அதற்கப்புறம் சாக்பீஸைத் தொடவே இல்லை. இப்போது வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்குத் தெலுங்கில் கணக்குச் சொல்லித்தரும் ஆன்லைன் வேலைக்கு விண்ணப்பித்து, பரீட்சையிலும் தேறிவிட்டாள். பாக்கி ஒரு மாதிரி வகுப்புதான். அதில் இந்தப் பெட்டி இரண்டு முறை அவள் மானத்தை வாங்கிவிட்டது. முதல் தடவை பாதிப் பாடத்தில் நின்றது. இரண்டாம் தடவை வணக்கம் சொல்லும்போதே நின்றது. போனில் எடுத்தால் ஆகாது, வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் எடுத்துக் காட்ட வேண்டும், நாளைக் காலை பதினொரு மணிக்குக் கடைசி வாய்ப்பு என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

நெட் போட்ட ரவி வந்து வயரை மாற்றிப் பார்த்தான். "நெட்டு ஃபஸ்ட் கிளாஸா கீதுக்கா. கோளாறு பொட்டிலதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். புருஷன் ஹரிபிரசாத் மாந்தோப்பிலிருந்து வந்த கையோடு பெட்டியைத் திறந்து, சைக்கிள் பம்பால் தூசியை ஊதி, மகளின் ரப்பரால் உள்ளேயிருந்த மெமரித் தகட்டைத் தேய்த்துத் திரும்ப மாட்டினார். பெட்டி பளபளவென்று ஆனது. நெட்டைச் செருகியதும் பளபளப்போடு நின்றது.

ஆளாளுக்குக் கை வைத்தது போதும் என்று யசோதாவே எதிரில் உட்கார்ந்தாள். விடை வராத கணக்கை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போகிறவள் அவள். வயரைச் செருகிவிட்டு, நிற்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று கண்கொட்டாமல் பார்த்தாள். திரையின் கீழ் மூலையில் ஒரு பச்சைக் கேடயம், பக்கத்தில் ஒரு சிவப்புக் குடை. நெட் வந்த மாத்திரத்தில் இரண்டும் சேர்ந்து சுழல ஆரம்பித்தன. பிறகுதான் அம்பு நின்றது. மறுபடி செய்து பார்த்தாள். மறுபடியும் அதே கதை. போனில் தேடினாள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றையொன்று திருடன் என்று நினைத்து மல்லுக்கட்டும், நெட் வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் காவலுக்குப் பாயும், நடுவில் கம்ப்யூட்டர் மூச்சு முட்டிப்போகும் என்று போட்டிருந்தது.

காரணம் தெரிந்ததும் யசோதாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, தலைவலிதான் வந்தது. பச்சைக் கேடயத்தைப் போட்டது அவள் நாத்தனார் புருஷன் ஆதிகேசவன். திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர், இந்தப் பெட்டியையே சேர்த்துக் கொடுத்தவர். சிவப்புக் குடையைப் போட்டது அவள் கூடப்பிறந்த தம்பி யஸ்வந்த், சென்னையில் சாப்ட்வேர் வேலை. போன வருஷம் மகள் தரணியின் காதுகுத்துக்கு ஆதிகேசவன் பேனர் அடித்துக் கொண்டுவந்தார். அதில் கூலிங்கிளாஸ் மாட்டிய அவர் முகம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப்போகிற தாய்மாமன் முகம் மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு இருந்தது. "காதுகுத்துக்குப் பேனரா, கடைக்கு விளம்பரமா?" என்று யஸ்வந்த் பந்தியில் கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. அப்புறம் தீபாவளிக்கு வந்தவன் தன்னுடையதைப் போட்டு, யாரும் எடுக்க முடியாதபடி பாஸ்வேர்டால் பூட்டினான். சங்கராந்திக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் பூட்டினார். யாருடையதை எடுத்தாலும் ஒரு பக்கம் மனஸ்தாபம் என்று யசோதாவும் வாயைத் திறக்கவில்லை. நல்ல பேர் வாங்கப் பார்த்து வேலையைக் கோட்டைவிடப் போகிறோமே என்று இப்போது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஆதிகேசவனுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பையன் போட்டத எடுக்கச் சொல்லும்மா. என்னுது காசு கட்டி வாங்குனது."

தம்பிக்குப் போட்டாள்.

"அவரு போட்டது டப்பாக்கா. அவரு மொதல்ல எடுக்கட்டும், அப்பால நான் பாஸ்வேர்டு சொல்றேன்."

யசோதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு பேரையும் ஒரே லைனில் சேர்த்தாள். "கேசவண்ணா, யஸ்வந்த், ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. உங்க சண்டைக்கு என் வேலதான் கெடச்சிதா? இத்தினி வருசம் கழிச்சி எனக்குன்னு ஒண்ணு வந்துகீது. ஒருத்தருது இருந்து ஒருத்தருது போவ வாணாம், ரெண்டும் போவட்டும். காலைல பத்து மணிக்குள்ள போவல, பொட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்!" சொல்லும்போதே குரல் உடைந்தது. பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆதிகேசவன் வெறும் வயிற்றோடு பைக்கில் வந்து இறங்கினார். இட்லி வைத்தாள், தின்றுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். யஸ்வந்த் சென்னையிலிருந்தே உள்ளே புகுந்து எடுக்கலாம் என்றால் அதற்கு நெட் வேண்டும், நெட் வந்தால் பெட்டி நின்றுவிடும். அதனால் அவன் போனில் சொல்ல வேண்டும், இவர் தட்ட வேண்டும். வேறு வழியே இல்லை.

"பாஸ்வேர்டு இன்னான்னு தம்பிகிட்ட கேளும்மா" என்றார், போன் மூக்குக்கு நேரே இருக்க.

"சொல்றேன்னு அண்ணன்கிட்ட சொல்லுக்கா" என்றது போன்.

"நான் பொடவ மாத்தணும். நீங்களே பேசிக்கோங்க" என்று யசோதா உள்ளறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். புடவையைக் கையில் வைத்துக்கொண்டு காதைத்தான் தீட்டினாள்.

"அண்ணா… அத்த நான் அப்பறமா வந்து…"

"சொல்லு."

"எம். ஓ. டி. டி. ஏ."

தட்டும் சத்தம் கேட்டது.

"கே. ஈ. எஸ். ஏ. வி…"

யசோதா எழுத்துகளை மனதுக்குள் கூட்டினாள். மொட்ட கேசவன். கதவிடுக்கில் பார்த்தாள். ஆதிகேசவனின் ஒரு கை தானாகத் தலைக்குப் போய், அங்கே தடவ ஒன்றும் இல்லாமல் இறங்கி வந்தது. இப்போது எழுந்து போய்விட்டார் என்றால் எல்லாம் முடிந்தது.

"சாரிண்ணா" என்றது போன், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "அன்னிக்கிக் கோவத்துல…"

"கேப்பிட்டல் எதுனா கீதா?"

"இன்னாண்ணா?"

"பெரிய எழுத்து எதுனா கீதான்னு கேக்கறேன்."

"கே மட்டும் கேப்பிட்டல்ணா."

"பரவால்ல. பேருக்கு மரியாத குடுத்துக்கிறே." எண்டரைத் தட்டினார். சிவப்புக் குடை மறைந்தது.

அடுத்தது அவருடைய முறை. இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு என்னமோ தட்டினார். பச்சைக் கேடயமும் போயிற்று.

"அண்ணா, உங்க பாஸ்வேர்டு இன்னா?"

"அத்த நீ கேக்காத தம்பி."

போன் களுக்கென்று சிரித்தது. அவரும் தொந்தி குலுங்கச் சிரித்தார். இவ்வளவு நாள் இந்த இரண்டு தடிமாடுகளுக்காக நடுங்கினோமே என்று யசோதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"விண்டோஸ்லயே காவலுக்கு ஒண்ணு கீதுக்கா, அதுவே போதும். நெட்டப் போடு" என்றான் யஸ்வந்த்.

பதினொரு மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. கேமராவில் விழாமல் ஹரிபிரசாத்தும் ஆதிகேசவனும் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனித் தேர்வாளர் மாணவனைப் போல் நடித்து, பாதியால் வகுத்தால் எண் ஏன் பெரிதாகிறது என்று தெலுங்கில் கேட்டார். யசோதா நாலு ரொட்டியை வரைந்து, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று அவரையே எண்ண வைத்தாள். முதலில் அவள் கண் அம்பின் மேலேயே இருந்தது. பிறகு அம்பு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. யாரோ ஒரு பிள்ளைக்குப் புரியவைக்கிற அந்தப் பழைய சந்தோஷம் திரும்ப வந்திருந்தது.

"ரொம்ப நன்றாக இருந்தது மேடம். திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் வகுப்பு எடுக்கலாம்" என்றார் அவர்.

யசோதா பேசவில்லை. திரையில் அவள் முகம் கொஞ்சமும் அசையாமல் இருந்தது.

"மேடம்? வினபடுதுந்தா? கேட்கிறதா? மறுபடியும் நின்றுவிட்டதா?" என்று அவர் பதறினார். ஹரிபிரசாத் பெட்டியைப் பார்க்கப் பாய்ந்தார். ஆதிகேசவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

யசோதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாக் கேக்குது சார்" என்றாள், தெலுங்கு மறந்து தமிழிலேயே. "இன்னொரு வாட்டி சொல்லுங்க."