ஈரமில்லாத மூடி

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சட்டைப் பையில் எந்நேரமும் நாலைந்து பஞ்சுச் சுருள் கிடக்கும். ஊரார் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சுவதும், பிடுங்கிய பல்லைக் கிண்ணத்தில் வாங்குவதும், துப்பிய தொட்டியைக் கழுவுவதும் அவள் வேலை. "உனக்குக் குமட்டாதாடி?" என்று கேட்டால், "வாய்னா அப்படித்தான் இருக்கும், அதுக்கென்ன" என்பாள். அப்படிப்பட்டவளுக்கே குமட்டிய கதை இது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள், கண்ணுகளா.

அடுத்த தெருவில் கைபேசி பழுது பார்க்கிற கடையில் ஒரு பையன் இருந்தான். அவளை அவனுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. கைபேசியைப் பழுது பார்க்கிற நேரத்தைவிட அதில் தன்னைப் படம் பிடிக்கிற நேரம்தான் அவனுக்கு அதிகம். மதில் மேலிருந்து குதிப்பான், ஓடுகிற லாரியின் பின்னால் தொங்குவான், எல்லாவற்றையும் வீடியோவாகப் போடுவான். கேப்டன் என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்டிருந்தான். அவன் கூட்டாளி ஒருத்தன் எப்போதும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்பான். அதனால் அவன் பெயர் ஸ்டாண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேப்டனின் அம்மா பெண் கேட்டு வருவதாக இருந்தது. "சரின்னு சொல்லணுமா வேண்டாம்னு சொல்லணுமா, நீயே சொல்லிடு" என்று பஞ்சுவின் அம்மா முந்தின நாளே கைகழுவிவிட்டாள். "நான் தலையாட்டிட்டு, அப்புறம் நீ காலம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

சரியென்று சொல்லத்தான் பஞ்சுவின் நாக்கு துறுதுறுத்தது. ஆனாலும் கடை விளக்கிலேயே பார்த்துப் பழகிய முகத்தை ஒருதரம் வெட்டவெளியில் பார்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு முள். அதனால்தான், "உங்க சித்தப்பா படகைக் கேளேன், காலைல பாறை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று அவன் சொன்னபோது ஒப்புக்கொண்டாள்.

சித்தப்பாவின் படகு சின்ன ஃபைபர் படகு. கடலில் நிற்கும் பெரிய படகுகளுக்குத் தூண்டில் இரை கொண்டுபோய்க் கொடுப்பது அவர் பிழைப்பு.

"பாறைக்கா? பெரிய போட்டே அங்க ஒதுங்கித்தான் போகும்" என்றார்.

"அலையே இல்ல சித்தப்பா. வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுவோம்."

"நேத்து இரை ஏத்தினதும்மா. உள்ள கழுவி நாளாச்சு."

"நாத்தம் எனக்கென்ன புதுசா?"

அவர் சிரித்துவிட்டார். "உன்னை நம்பித்தான் தரேன். அந்தக் கேப்டன் பயலை நம்பி இல்ல."

படகின் பின்பலகையில், அடியோடு அடியாக, கட்டைவிரல் பருமனில் ஓர் ஓட்டை உண்டு. கரையேற்றியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்காக அதைத் திறந்துவிடுவார்கள். கடலில் இறக்குமுன் ரப்பர் மூடி போட்டு இறுக்குவார்கள். சித்தப்பா தானே குனிந்து மூடியைத் திருகினார், இழுத்துப் பார்த்தார். மிதவைச் சட்டைகளை எடுத்து மூவருக்கும் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதுமே, "இதைக் கழட்டுங்கப்பா, படத்துல பூசணிக்காய் மாதிரி தெரியுது" என்றான் கேப்டன். மூன்று சட்டைகளும் முன்மூலையில் கயிற்றுக்கு அடியில் போயின. பஞ்சுவும்தான் கழற்றினாள். பிடித்தவன் சொன்னால் சில நேரம் புத்தி பின்னால்தான் வரும்.

வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. அழுகின கணவாய், மீன் குடல், மேலே சிந்தின பெட்ரோல், எல்லாம் சேர்ந்து தொண்டையில் எண்ணெய் தடவினாற்போல் ஒட்டிக்கொண்டது. பாறையை நெருங்குமுன்பே ஸ்டாண்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. கைபேசியைக் கேப்டனிடம் நீட்டிவிட்டு விளிம்பில் கவிழ்ந்தான். அவன் குடித்த காபி காற்றில் திரும்பி அவன் சட்டையிலேயே விழுந்தது.

"அய்ய, இதையும் எடுத்துட்டேன்" என்று கேப்டன் சிரித்தான். பஞ்சு பையிலிருந்த பஞ்சை நனைத்து அந்தப் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

பாறையைச் சுற்றித் தண்ணீர் கறுப்பாகச் சுழித்தது. கேப்டன் மோட்டாரை அணைத்துவிட்டுப் பின்பக்கம் குனிந்து ஏதோ பார்த்தான். அவள் பாறை மேலிருந்த பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பாதம் சில்லென்றது.

"மூடி கழண்டுடுச்சு" என்றான் கேப்டன். "அடில எங்கயோ விழுந்துடுச்சு. தேடு பஞ்சு, சீக்கிரம்."

அவள் அடித்தட்டுப் பலகையைத் தூக்கினாள். அடியில் இருந்ததைச் சொல்லக் கூசுகிறது. நாட்பட்ட இரை கடல்நீரில் ஊறிக் கூழாகியிருந்தது, மேலே நுரை, நுரையில் புழு. கையுறை இல்லாமல் எச்சில் கிண்ணத்தைக்கூடத் தொடாதவள், முழங்கைவரை விட்டாள். விரல்களுக்கிடையில் குடல் வழுக்கியது. மூடி என்று நினைத்துப் பிடித்ததெல்லாம் மீன் தலை. முகத்தருகே மூடாத மீன் கண் ஒன்று மிதந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துழாவினாள். சுருக்கென்று ஆள்காட்டி விரலில் ஏதோ ஏறியது. பழைய தூண்டில் முள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி கையை விட்டாள்.

"நீயும் தேடேன்."

"நான் வீடியோ எடுக்கலைன்னா யார் எடுக்கறது? இந்தப் பக்கம் திரும்பு. முகம் தெரியல."

தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. படகின் பின்புறம் அமுங்கியது. அவள் குதிகாலை ஓட்டைமேல் வைத்து அழுத்தினாள். அதையும் மீறிப் பீச்சியது. அந்தச் சமயம் பார்த்து ஓர் அலை பின்பலகைக்கு மேலேயே ஏறி உள்ளே விழுந்தது. மிதவைச் சட்டை இருந்த மூலைக்கு ஸ்டாண்டு தவழ்ந்து போனான், கயிற்று முடிச்சு அவனுக்கு அவிழவில்லை.

அப்போதுதான் கேப்டன் வெளிறினான். கைபேசியை ஒரு கையில் பிடித்தபடியே குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டதுபோல் ஒரு பாவனை செய்து நிமிர்ந்தான். "இதோ, கெடச்சுடுச்சு."

அவன் உள்ளங்கையில் மூடி இருந்தது. ஓட்டைப் பக்கம் குனியப் போனான். பஞ்சு அதைப் பிடுங்கினாள். பிடுங்கிய கணமே அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு கூழில் கிடந்ததாகச் சொன்ன மூடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வெதுவெதுவென்று உடம்புச் சூடு இருந்தது. விளிம்பில் கால்சட்டைப் பையின் நூல்பிசிறு ஒட்டியிருந்தது.

குனிந்து அதைத் திருகி இறுக்கினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வெட்டவெளியில், நல்ல வெயிலில், வெகு அருகில். உடனே வாந்தி எடுத்தாள்.

அதையும் அவன் படம் பிடித்தான்.

அவளும் ஸ்டாண்டும் இரை வாளியால் தண்ணீரை இறைத்தார்கள். கேப்டன் முன்னால் உட்கார்ந்து, "நண்பர்களே, உயிர் தப்பிச்சது எங்க புண்ணியம்" என்று கைபேசியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவேளை மூடியைப் பையில் போட்டதை மறந்திருப்பானோ என்று பஞ்சு யோசித்துப் பார்த்தாள். பிடித்தவனுக்காக மனசு எங்கெல்லாம் போய் முட்டுக்கொடுக்கிறது பாருங்கள். பயத்தில் மறந்திருக்கலாம், சாயங்காலத்துக்குள் அவனே சொல்லிவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

கரையில் சித்தப்பா இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏன் இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

"மூடி கழண்டுடுச்சு அங்கிள்" என்றான் கேப்டன். "படகு பழசு இல்ல? மாத்துங்க. நாங்களா இருந்ததால தப்பிச்சோம்."

சித்தப்பாவின் முகம் சுருங்கிப் போனது. "நான்தானே திருகினேன்" என்றார் தனக்குள். ஓட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். "இறுக்கித்தானே போட்டேன். இழுத்துக்கூடப் பார்த்தேனே."

"உங்க மேல தப்பில்ல சித்தப்பா" என்றாள் பஞ்சு. மீதியைச் சாயங்காலம் கேப்டனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கேப்டனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அந்தம்மா தையற்காரி, கழுத்தில் அளவு நாடாவின் தடம் தெரிகிறமாதிரி ஒல்லியான மனுஷி. பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கேப்டன் குளித்து, வாசனை அடித்து, பளபளவென்று வந்திருந்தான். அவன் பக்கம் வீசிய அந்த வாசனை, காலை நாற்றத்தைவிடப் பஞ்சுவின் தொண்டையை அடைத்தது.

"காலைல உங்க பொண்ணு காட்டின தைரியத்தைப் பாருங்க ஆன்ட்டி" என்று வீடியோவைப் போட்டான்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். திரையில் பஞ்சு கூழுக்குள் கைவிட்டுத் துழாவினாள், ஓங்கரித்தாள். அடியில் பாட்டு வேறு சேர்த்திருந்தான். பஞ்சுவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, மூழ்கியிருந்தா?"

"எப்படி மூழ்கும்?" கேப்டன் நாற்காலியில் சாய்ந்தான். "மூடி என் பாக்கெட்லதானே இருந்துச்சு. நான்தானே கழட்டினேன். இவகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா இந்த முகம் வருமா? நடிக்கச் சொன்னா நடிக்கத் தெரியாது இவளுக்கு."

இத்தனைக்கும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஒளிக்கக்கூட இல்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் அம்மா, "இன்னொருவாட்டி காட்டு" என்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஞ்சுவிடம், "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றாள் பஞ்சு. "உங்க பையனைப் பார்த்தா குமட்டுது."

"என்னடி பேசறே" என்றாள் அவள் அம்மா, ஒப்புக்கு.

"ஜோக்குங்க இது" என்றான் கேப்டன். "இவளுக்கு ஜோக்கே புரியாது. எத்தனை பேர் பார்த்திருக்காங்க தெரியுமா?"

"சித்தப்பாகிட்டப் போய், மூடியை நான்தான் கழட்டினேன்னு சொல்லு" என்றாள் பஞ்சு. "மத்தியானத்துல இருந்து அவர் சாப்பிடல."

"அதுக்கு வேற தனியா போகணுமா? வீடியோ அனுப்பினாப் பார்த்துக்கறாரு."

அவன் அம்மா எழுந்தார். பழப் பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். செருப்பில் ஒரு காலை நுழைத்தவர் அப்படியே நின்று திரும்பினார்.

"அந்த விரலைக் காட்டு."

பஞ்சு கையை நீட்டினாள். சுற்றியிருந்த துணியை அந்தம்மா மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். "ரத்தம் வந்ததைப் படத்துலதான் பார்த்தேன். துருப்பிடிச்ச முள்ளா?"

"ஆமாம்மா."

"ஊசி போட்டியா?"

"டாக்டர் போட்டு விட்டுட்டாரு."

"சித்தப்பா வீடு எங்க இருக்குன்னு சொல்லு" என்றார் அந்தம்மா. "நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

வெளியே தெருவிளக்கடியில் கேப்டன் அதற்குள் போய் நின்றிருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. கட்டைவிரலால் திரையைத் தள்ளித் தள்ளி, இன்னும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.