பல்போவாவிடம் ஆர் கையெழுத்து வாங்கினது?

என் மகளின் கம்பளி நூலை வெட்டிய கத்தரிக்கோல் எது என்று எனக்குத் தெரியும். அவளுடைய வகுப்பு ஆசிரியை மிஸஸ் ஹார்ட்லியின் மேசையில் பேனைகளுக்கு நடுவே நிற்கிற மஞ்சள் பிடி போட்டது. அன்றைக்கு அதைப் பிடுங்கி ஜன்னலால் எறியாமல் வந்தேனே என்று இன்னும் எனக்கு என்மேல் கோபம். சரி, முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் கத்துவது மட்டுந்தான் உங்களுக்குக் கேட்கும்.

லக்சிகாவுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்திலிருந்து பள்ளிக்கூடம் ஐந்து நிமிட நடை, லிப்ற் வேலை செய்தால். இந்த வருடம் அவர்களுக்கு அமெரிக்கக் கண்டத்தைத் தேடி வந்தவர்கள், வந்து குடியேறியவர்கள் பற்றிய பாடம். வகுப்புச் சுவரை நிறைத்து ஓர் உலகப் படம். அதில் கொலம்பஸ், கார்ட்டியே, சம்ப்லேன், பல்போவா என்று ஆளுக்கொரு நிறத்தில் கோடு. ஒரு கோடாவது நேராக இருக்க வேண்டுமே! புயலுக்கு ஒதுங்கிய இடம், வழி தவறிய இடம், காய்ச்சலில் கிடந்த இடம் எல்லாம் வளைந்து நெளிந்து, திகதியோடு இருக்கின்றன. ஆசியாவுக்கென்று வெளிக்கிட்டு வேறெங்கோ போய் இறங்கிய கொலம்பஸின் பிழைக்குக்கூட அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

அதே படத்தில் பிள்ளைகள் தங்கள் குடும்பம் வந்த வழியைக் கம்பளி நூலால் காட்ட வேண்டும் என்பது வீட்டு வேலை. பிள்ளைக்கு ஓர் உருண்டை நூல், ஒரு சின்ன உலகப் படம், பெற்றோர் நிரப்பிக் கொடுக்க ஒரு படிவம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லக்சிகா சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தாள். என் கணவர் கிருபன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் "வந்தது வந்தாச்சு" என்பதோடு முடித்துவிடுகிற மனுசன்.

"அப்பா, பல்போவா எண்டொரு ஆள் பனாமாவில காட்டுக்குள்ளால நடந்து போய் பசிபிக் கடலைப் பாத்தவராம். இப்ப அங்கத்தைக் காசுக்கே அவற்ற பேராம். ஸோ கூல், என்ன?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தக் காடு எனக்குத் தெரியும்," என்றார்.

பிறகு நூலை அவரே கையில் எடுத்தார். கொழும்பு, பாங்கொக், டுபாய், எக்குவடோர், கொலம்பியா என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சுப் போட்டார். லக்சிகா வாயைப் பிளந்துகொண்டு பெயர்களைக் கடதாசித் துண்டில் எழுதி எழுதிக் கட்டினாள். ஆறாவது முடிச்சில், பனாமாக் காட்டில், அவர் கை நின்றுவிட்டது.

"இதில உன்ர சித்தப்பா."

தம்பி நிதுசன். பத்தொன்பது வயது. காய்ச்சல், மூன்று நாள். காசு வாங்கிக் களவாகக் கூட்டி வந்த ஏஜென்சியின் ஆள் இவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டான். ஆற்றங்கரையில் இருந்த ஊர்ச்சனம் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார்கள், பலனில்லை.

"அவையின்ர பாஷை எனக்குத் தெரியாது, என்ர பாஷை அவைக்குத் தெரியாது," என்றார். "ஆனா குழி வெட்டித் தந்தவை. ஒரு மனிசி அழுதவ. பல்போவாவுக்கும் வழி காட்டினது அந்தச் சனம்தானாக்கும்." பிறகு ரொறன்ரோ வரைக்கும் மிச்ச ஆறு முடிச்சையும் போட்டு முடித்தார்.

கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடம். தம்பி வழியில் செத்துப்போனான் என்பதற்குமேல் எனக்கே அன்றுவரை ஒன்றும் தெரியாது. நான் குசினியில் நின்று வெறுங் கோப்பையைக் கழுவிக்கொண்டேயிருந்தேன்.

அவர் சொல்லாததற்குக் காரணம் கேஸ். அகதிக் கேஸ் எழுதும்போது விஷயம் தெரிந்தவர்கள் என்று வந்தவர்கள் சொன்ன புத்தி அது. வழியெல்லாம் சொன்னால் ஏன் அங்கங்கே அடைக்கலம் கேட்கவில்லை என்பார்களாம். தம்பியைச் சொன்னால் சாவுச் சான்றிதழ் எங்கே என்பார்களாம். ஆகவே "தனியே வந்தேன்" என்று எழுதினார். கேஸ் வென்றது, குடியுரிமையும் வந்தது. ஆனால் இந்த நாட்டில் ஒரு கடதாசியிலும் நிதுசன் என்றொரு பிள்ளை பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. லக்சிகா கட்டிய துண்டில்தான் முதன்முதலாக அவன் பெயர் ஏறியது.

திங்கட்கிழமை காலை வழமையான ஓட்டம். சாப்பாட்டுப் பெட்டி, சப்பாத்து, ஹோட்டல் லோண்ட்ரியில் எனக்கு எட்டு மணி ஷிப்ற். அந்த அவசரத்தில் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அவள் பையில் திணித்தேன்.

புதன்கிழமை பின்னேரம் பிள்ளை அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள்.

"மிஸ் கட் பண்ணிப் போட்டா, அம்மா. கொழும்பில இருந்து ரொறன்ரோவுக்கு நேரா ஒரு நூல் போட்டிருக்கிறா. நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்ல. கதை கட்டக்கூடாதாம்."

பென்சில் பெட்டியைத் திறந்து காட்டினாள். குப்பையிலிருந்து பொறுக்கிய நூல் துண்டுகள், முடிச்சுகளோடு.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் ஆறு மணிக்குப் பெற்றோர் வந்து பார்க்கிற நாள். கிருபன் அதற்கென்று ஷிப்ற் மாற்றியிருந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனுசன், தம்பியின் பெயரைச் சுவரில் பார்க்க வருகிறார். வந்து எதைப் பார்ப்பார்? விமான விளம்பரத்தில் கிடக்கிற மாதிரி ஒரு நேர்கோட்டை!

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மூன்றரைக்கே போய் லக்சிகாவோடு வகுப்புக்குள் நின்றேன். எனக்கு இங்கிலிஷில் வேலை செய்யத் தெரியும், சண்டை பிடிக்கத் தெரியாது. அன்றைக்குப் பிடித்தேன்.

"ஏன் என்ர பிள்ளையின்ர நூலை வெட்டினீங்கள்?"

மிஸஸ் ஹார்ட்லி கெட்ட மனுசி இல்லை. களைத்துப்போன முகம். அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரலில், நூல் மற்றப் பிள்ளைகளின் நாடுகளை மறைத்தது என்றாள். அதோடு, வீட்டிலிருந்து வந்த தகவல் வேறாக இருந்தது என்று ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

என்னுடைய கையெழுத்து.

புறப்பட்ட இடம்: கொழும்பு. வந்த இடம்: ரொறன்ரோ. வந்த விதம்: விமானம். எத்தனை பேர்: ஒருவர். காரணம்: நல்ல வாழ்க்கை. கீழே நிலாணி கிருபன் என்று வடிவாக, பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் காதால் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை என் கை தானாக எழுதிய கேஸ் அது. கடதாசி என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பழகிய கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நானேதான். என் பிள்ளை உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்க, அவளைப் பொய்க்காரியாக்கியதும் நான்தான்.

வெட்கத்தில் தலை குனிந்து அந்தக் கையெழுத்தையே பார்த்தேன். பிறகு நிமிர்ந்தபோது சுவரில் பல்போவாவின் சிவப்புக் கோடு அந்தக் காட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போவது கண்ணில் பட்டது. விட்ட கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"பல்போவாவிடம் ஆர் கையெழுத்து வாங்கினது?" என்றேன். இங்கிலிஷில்தான். எப்படி வந்ததோ தெரியாது. "அந்தாளின்ர வளைவு நெளிவு எல்லாத்தையும் கீறி வைச்சிருக்கிறீங்கள். அவரின்ர தாய் எழுதித் தந்தவவோ? அவர் காடு கடந்தா வீரன். என்ர மனுசன் அதே காட்டைக் கடந்தா, பிள்ளை கதை கட்டுதோ? ஓம், நான் பொய் எழுதினனான். உண்மையை எழுதினா ஆக்களைத் திருப்பி அனுப்புவினம் எண்டு பயந்து பழகின சனம் நாங்கள். பிள்ளையிட்டை ஒருக்கா இருந்து கேட்டிருக்கலாமே, மிஸ்!"

அவள் முகம் சிவந்தது. நான் கடதாசியைப் பார்த்துத்தான் செய்தேன் என்று மெல்லச் சொன்னாள்.

"எல்லாரும் கடதாசியைத்தான் பாக்கினம். பேனையைத் தாங்கோ."

எழுதியதை வெட்டினேன். பன்னிரண்டு இடங்களின் பெயர்களையும் லக்சிகா சொல்லச் சொல்ல எழுதினேன். "எத்தனை பேர்" என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனையை நிறுத்தினேன். இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், அவர் வந்து பதினைந்து வருடம் கழித்து யாராவது கதவைத் தட்டுவார்களா? பயம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே இரண்டு என்று எழுதினேன். கிருபன். நிதுசன், வயது பத்தொன்பது.

லக்சிகா நூல் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்தாள். வெட்டிய இடமெல்லாம் புது முடிச்சு. மிஸஸ் ஹார்ட்லி நேர் நூலைத் தானே கழற்றினாள், குண்டூசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். மன்னிப்பை லக்சிகாவிடம் கேட்டாள். என்னிடம் கேட்காதது நல்லது; எனக்கு அதை வாங்க ஒரு யோக்கியதையும் இல்லை.

ஆறு மணிக்குக் கிருபன் வந்தார். ஸ்திரி போட்ட சேட்டு, தலையில் இன்னும் ஈரம். நூலைப் பார்த்தார். பக்கத்தில் குத்தியிருந்த படிவத்தை வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"உதை ஆர் எழுதினது?"

"நான்தான். ஏசுறதெண்டா வீட்டை போய் ஏசுங்கோ."

அவர் ஏசவில்லை. அதற்குள் மிஸஸ் ஹார்ட்லி கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். லக்சிகாவின் அப்பாவா, இவ்வளவு தூரத்தையும் கடந்து வந்தவர் நீங்கள்தானா என்று கேட்டாள். எல்லையில் கேட்டபோதும், விசாரணையில் கேட்டபோதும், குடியுரிமைக்குக் கேட்டபோதும் இதற்கு அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: தனியே வந்தேன்.

கிருபன் அவள் கையைப் பிடித்தார். மற்றக் கையின் விரலைச் சுவரில், ஆறாவது முடிச்சில் வைத்தார்.

"நாங்கள் ரெண்டு பேர் வெளிக்கிட்டனாங்கள்," என்றார். "தம்பி இஞ்ச இருக்கிறான்."