பெரியவர் குடிமாறிய வெள்ளிக்கிழமை

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. போன வருஷம், 1988 ஆவணியில், போடிநாயக்கனூரில் ஒரு ஆபீஸில் ஒருவர் ஒரு பெண்ணிடம் சொன்ன பொய். இரண்டே சொற்கள். நான்காம் பகுதியில் வரும். அதுவரை எப்படித் தள்ளிப்போடலாம் என்றுதான் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "போடிமெட்டிலிருந்து மேகம் இறங்கி..." (வேண்டாம். போடியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மேகத்தை இறக்கியாகிவிட்டது.)

இரண்டாம் தொடக்கம்: "யூனிக்ஸ் என்பது யாதெனில், கம்ப்யூட்டரை இயக்கும்..." (இதற்கு மேகமே தேவலை.)

2.
ஏலச்செடி நோய்களை ஆராயும் சின்ன ஆபீஸ் அது. நான்கு கம்ப்யூட்டர்கள். பெரியதில் மட்டும்தான் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் வட்டு உண்டு. அதைப் 'பெரியவர்' என்பார்கள். மற்ற மூன்றுக்கும் சொந்தமாக வட்டு கிடையாது. விழித்ததும் கம்பி வழியே "நான் யார்?" என்று கேட்கும். பெரியவர் பட்டியலைப் பார்த்து, "நீ இன்னார், உன் விலாச எண் இது" என்பார். அப்புறமும் எதை எடுக்க, எதை வைக்க என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். கூட்டுக்குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் மதுரைத் தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது: நான்கின் விலாச எண்களையும் மாற்ற வேண்டும். பொறுப்பாளர் பேச்சிமுத்து, பக்கத்து ஊரான தேவாரத்துக்காரர், அதை மடித்து மேசைக்குள் வைத்தார்.

"ஆடியில எவனாச்சும் வீடு மாத்துவானா?"

(பேச்சிமுத்து மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. யூனிக்ஸ் படித்த மனிதர் இப்படிச் செய்வாரா? செய்வார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.)

3.
ஆவணி முதல் வெள்ளி. காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, டீ அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு, மாலை ஐந்து மணிக்குப் பேச்சிமுத்து வேலையைத் தொடங்கினார். சின்னவை மூன்றையும் முதலில் அணைத்துவிட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. குடிபோகிற வேளையில் விளக்கை அணைப்பதாவது! மேலும், புது வீட்டில் மூத்தவர்தானே முதல் காலடி வைக்க வேண்டும்? சின்னவை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரியவரின் எண்ணை மாற்றிவிட்டார்.

அடுத்த அறையில் சந்திரவல்லி இருந்தாள். மலைமேல் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண், தற்காலிக வேலை. நாற்பது எஸ்டேட்டின் நோய் விவரங்களைக் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் சேமிக்கவில்லை. ஆறு மணி பஸ்ஸில் அது மதுரைக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை.

திரை உறைந்தது. ஒரு வரி மட்டும் வந்தது. (இங்கிலீஷில் வந்தது, தமிழ் என்னுடையது.)

*பெரியவர் பதில் சொல்லவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.*

பாவம், அவளுடைய கம்ப்யூட்டர் பெரியவரைத் தேடிப் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"சார், வெரசா வாங்க! எல்லாம் நின்னு போச்சு!"

4.
அணைத்து மறுபடி போட்டால் அவளுடைய கம்ப்யூட்டர் புது விலாசத்தில் எழுந்துவிடும். ஆனால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். பெரியவரைப் பழைய எண்ணுக்கே கூட்டி வந்தால் எல்லாம் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆனால் பால் பொங்கிய வீட்டிலிருந்து அன்றைக்கே திரும்பினால் குடும்பம் விளங்குமா? பேச்சிமுத்து பால் சட்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கண் கலங்கி நிற்பதைப் பார்த்தார்.

"விளங்காமப் போனாப் போகுது," என்று முணுமுணுத்துப் பழைய எண்ணை அடித்தார்.

ஐந்தே முக்காலுக்குப் பெரியவர் பதில் சொன்னார். ஓர் எழுத்துகூடப் போகவில்லை. சந்திரவல்லி எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினாள்.

"நாந்தேன் சார் எதையோ மாத்தி அமுக்கிட்டேன்."

இல்லை என்று சொல்ல வேண்டிய வாய் சொன்னது:

"பாத்து அமுக்கும்மா."

(வந்துவிட்டது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

பஸ் கிடைத்தது, வேலையும் நிலைத்தது. அன்றிலிருந்து அவள் எந்தப் பொத்தானையும் சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல்தான் தொடுகிறாள்.

5.
முடிவு அ: பேச்சிமுத்து அன்றே உண்மையைச் சொல்லிவிடுகிறார். (அருமையான முடிவு. நடக்கவில்லை.)

முடிவு ஆ: அவளே கையேட்டைப் படித்துக் கண்டுபிடிக்க, பேச்சிமுத்து ஊரைவிட்டு... (எங்கே ஓடுவது? கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது.)

முடிவு இ-யை எழுதப் பேனாவைத் திறந்தபோது டீ வந்தது. கொண்டுவந்தவள் நகரவில்லை.

"ஏங்க, யாரு இந்தப் பேச்சிமுத்து? நம்ம ஆபீஸ்ல அப்பிடி ஆளே கெடையாதே."

"சும்மா, கதைக்கு..."

"பேர மாத்திப்புட்டா ஆளு மாறிருமா?"

நான்காம் பகுதித் தாள் அவள் கையில் இருக்கிறது. இரண்டாம் முறை படிக்கிறாள். இப்போது தலையைத் தூக்குகிறாள்.

"அப்ப, அன்னைக்கி நான் எதையுமே மாத்தி அமுக்கலையா?"

வாசகரே, அடுத்த வரி உங்களுடையது. வெரசா எழுதிக் கொடுங்கள். டீ ஆறுகிறது, அவள் நிற்கிறாள். என்னிடம் இருப்பது ஒரே வரிதான்.

*பெரியவர் பதில் சொல்லவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.*